ஏ4 தாளும் ஆரியங்காவுக் காற்றும்

செங்கோட்டையில் காகிதம் மடிக்க உட்காருமுன் நான் மேற்கே மலையைப் பார்த்துக்கொள்வேன். ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேகம் இறங்கி வருகிற நாளென்றால் அன்றைக்கு நுணுக்கமான வேலை எதையும் தொடுவதில்லை. ஜூன் பிறந்துவிட்டால் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று ஊர் உலகமெல்லாம் விசாரிக்கும். எனக்குக் கவலை ஜெராக்ஸ் தாள் கட்டைப் பற்றி. உறை பிரித்து மேசையில் வைத்த கட்டு, சாரல் பிடித்தால் நமத்துப் போன அப்பளம் மாதிரி தொய்ந்துவிடும். மடித்தால் மடிப்பு நிற்காது. நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டுக் கையை எடுத்தால் மெல்ல வாயைத் திறக்கும்.

நான் மர டிப்போ ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். காகித மடிப்பும் அட்டை வேலையும் பொழுதுபோக்குதான். இதில் காசு பார்த்ததில்லை, பார்க்கும் எண்ணமும் இல்லை. செய்ததை அலமாரியில் அடுக்கி அழகு பார்ப்பதிலும் எனக்கு ஆர்வம் குறைவு. வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு காகிதப் பந்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நமக்கெல்லாம் இது வராதுங்க" என்று கீழே வைப்பார்களே, என் வேலை அங்கேதான் தொடங்குகிறது. வரும். தாளையும் அளவையும் வேளையையும் சரியாகத் தேர்ந்து கொடுத்தால் பத்து வயதுப் பிள்ளைக்கும் வரும். ஒன்றைப் பிறரோடு பகிர்ந்துகொள்வதென்றால், அது அவர்கள் வீட்டில் கிடைக்கிற தாளில், அவர்கள் ஊர் ஈரத்தில், அவர்கள் கையாலேயே முடிய வேண்டும். ஜப்பான் தாளை வரவழைத்து நான் செய்து காட்டும் பறவை எவ்வளவு அழகாக இருந்தாலும் பார்க்கிறவர்களுக்கு அது வெறும் வேடிக்கை.

முதலில் ஈரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காகிதம் நாரால் ஆனது. இயந்திரத்தில் ஓடிவரும்போது பெரும்பாலான நார்கள் ஓடும் திசையிலேயே படுத்துவிடுகின்றன. ஈரம் ஏறினால் நார் நீளவாட்டில் அதிகம் வளராது, குறுக்கே பருக்கும். அதனால் தாளும் ஒரு பக்கமாகவே அதிகம் விரியும். மர டிப்போவில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது புதுச் செய்தி இல்லை. மழையில் நனைந்த பலகையும் குறுக்கேதான் உப்பும். சதுரமாக வெட்டிய தாள் சாரல் நாளில் சதுரமாக இருக்காது என்பதே இதன் பலன். அரை மில்லிமீட்டர் வித்தியாசம்தான். ஆனால் மடிப்பின் மேல் மடிப்பு விழும்போது அது பெருகி, கடைசியில் கொக்கின் மூக்கு ஒரு பக்கம் கோணும்.

நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. தாளின் மூலையில் சின்னச் சதுரம் ஒன்றை வெட்டுங்கள். வெட்டுமுன் தாளின் நீளவாட்டைக் காட்டப் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதன் ஒரு முகத்தை மட்டும் விரலால் நனைத்தால் அது தானாகச் சுருண்டு குழலாகும். குழல் எந்தத் திசையில் நீண்டிருக்கிறதோ அதுதான் நாரின் திசை. ஜெராக்ஸ் தாளில் பெரும்பாலும் நீளவாட்டில் இருக்கும். நாரோடு ஒட்டி மடித்தால் மடிப்பு கத்தி மாதிரி விழும். நாரை வெட்டிக் குறுக்கே மடித்தால் பிசிறடிக்கும், தடித்த அட்டையானால் வெடிக்கும். பிள்ளைகளுக்கு இதை வாயால் சொன்னால் ஏறாது. ஒரு செய்தித்தாளைக் கொடுத்து மேலிருந்து கீழாக ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை கிழிக்கச் சொல்வேன். ஒன்று நேராகக் கிழியும், மற்றது கண்டபடி போகும். அதற்குப் பிறகு விளக்கமே தேவைப்படாது.

தாளைக் காப்பாற்றுவதற்கு நான் கண்டது பழைய பிஸ்கட் டின். புதுச் செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்து டின்னுக்குள் போட்டு, வெட்டிய சதுரங்களை அதில் வைத்து மூடிவிடுவேன். அவசரமென்றால் இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் வைத்து, மேலே ஒரு வேட்டித் துணியைப் போட்டு ஓட்டினால் தாள் மொடமொடப்பாகிவிடும். எங்கள் ஊரில் மடிப்பு வேலைக்கு உகந்த காலம் தை முதல் பங்குனி வரை. அப்போது தாள் கையில் சலசலக்கும்.

எந்தத் தாள் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: சுவரைப் பாருங்கள். நம் வீடுகளில் தொங்கும் தினசரிக் காலண்டரில் வருஷத்துக்கு 365 தாள் சும்மா கிடைக்கிறது. மெலிதான தாள், ஆனால் சின்ன மடிப்புக்கு அருமையாக வளைந்து கொடுக்கும். கொக்கு, தவளை, குட்டி உறை எல்லாவற்றுக்கும் போதும். தேதி பெரிதாக அச்சாகியிருப்பதால் மடித்து முடித்த கொக்கின் சிறகில் பாதி எண் தெரியும். பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டு. தங்கள் பிறந்த நாள் தாளைப் பத்திரப்படுத்தி வைத்து மடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் மனைவிக்குப் பிறந்த ஊர் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கும் புனலூர். அந்தப் பக்கத்து வீடுகளில் மாதக் காலண்டர். தாள் பெரிது, தடிப்பு, முகம் வழவழப்பு. கொக்குக்கு ஆகாது, ஆனால் மூடியுள்ள சதுரப் பெட்டிக்கு அதை விட்டால் ஆளில்லை. மூடிக்கு எடுக்கும் சதுரத்தைவிட அடிப்பெட்டிக்கு எடுக்கும் சதுரத்தை 4 அல்லது 5 மில்லிமீட்டர் குறைத்து வெட்டினால் மூடி சிக்காமல் உட்காரும். ஆக, ஒரே குடும்பத்தில் ரயில் ஏறி அந்தப் பக்கம் போனால் பெட்டி, இந்தப் பக்கம் வந்தால் கொக்கு.

கலர் தாளுக்குச் சிவகாசி. செங்கோட்டையிலிருந்து விருதுநகர் போகும் ரயில் பாதையிலேயே சிவகாசி இருக்கிறது. தெரிந்தவர் மூலம் அச்சகத்தில் சொல்லி வைத்தால் வெட்டிப் போட்ட ஓரத் துண்டுகள் எடைக்குக் கிடைக்கும். நீட்டு நீட்டாக, ஒரே அளவில், அடுக்கடுக்காக இருக்கும். சின்ன நட்சத்திரம் மடிக்க இதைவிட வசதி வேறு கிடையாது. ஒரு எச்சரிக்கை: வழவழப்பான ஆர்ட் பேப்பர் பார்க்கத்தான் பகட்டு, மடித்த இடத்தில் மை உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரியும். சின்னப் பிள்ளைகளுக்குக் கடையில் விற்கும் வழவழப்புக் கலர்த் தாளுக்கும் இதே குறைதான். இரண்டு பக்கமும் கலர் ஊறிய ஏ4 தாள் கட்டாக விற்கிறார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது.

ஏ4 தாளின் அளவு 210க்கு 297 மில்லிமீட்டர். மூலையை இழுத்து மடித்து ஒரு சதுரம் எடுத்தால் 87 மில்லிமீட்டர் பட்டை மிஞ்சும். அதில் இரண்டு குட்டிச் சதுரம். பெரும்பாலானோர் இப்படித்தான் வெட்டுகிறார்கள். நான் பலரோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு வேறு கணக்கு வைத்திருக்கிறேன். 7 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினால் அகலத்தில் 3, நீளத்தில் 4, ஆக 12 சதுரம். மிஞ்சுவது 17 மில்லிமீட்டர் பட்டை மட்டும். இந்தப் பன்னிரண்டுக்கு ஒரு அழகு உண்டு. மித்சுனோபு சோனோபே என்ற ஜப்பானியரின் பெயரால் வழங்கும் துண்டு மடிப்பில், 6 துண்டு சேர்த்தால் கனசதுரம், 12 சேர்த்தால் சின்ன முள்பந்து, 30 சேர்த்தால் பெரிய முள்பந்து. பசை கிடையாது, கத்தரியும் கிடையாது. ஒரு ஏ4 தாளுக்கு ஒரு சின்னப் பந்து கணக்காக முடிகிறது. மூன்று தாளை வெட்டினால் 36 சதுரம்; 30 பெரிய பந்துக்கு, மீதி 6 கனசதுரத்துக்கு. ஒன்றும் வீணில்லை. கணக்கு எழுதுகிறவனுக்கு இது தரும் திருப்தியை மற்றவர்களிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது.

சோனோபே துண்டு மடிப்பது கடினமில்லை. சதுரத்தை நடுவில் மடித்துப் பிரி. இரண்டு ஓரத்தையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவா. பிரித்து, எதிரெதிர் மூலை இரண்டை மட்டும் உள்ளே முக்கோணமாக மடக்கு. மறுபடி ஓரங்களை நடுவுக்கு மடி. மிச்சமுள்ள இரண்டு மூலையையும் சாய்வாக மடித்து எதிர்ப்பக்கத்து மடலுக்கு அடியில் சொருகு. சாய்ந்த கட்டம் ஒன்று கிடைக்கும். அதன் இரண்டு கூர்முனைகள்தான் நாக்கு. முதுகில் இருக்கும் இரண்டு பிளவுகள்தான் பை. ஒன்றின் நாக்கு இன்னொன்றின் பைக்குள் போகும். மூன்று துண்டு கூடினால் ஒரு கூம்பு. எல்லாம் கூம்புகள்தான்.

ஓண விடுமுறையில் மச்சினர் பிள்ளைகள் புனலூரிலிருந்து வந்திருந்தார்கள். தெருப் பிள்ளைகளும் சேர்ந்து வராந்தாவில் கூட்டம். எல்லோரும் ஒரே மாதிரி மடித்தார்கள், மடிப்பும் சுத்தம். சேர்க்கப் போனால் பாதித் துண்டுகள் சேரவில்லை. மச்சினரின் சின்ன மகன் இரண்டு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அங்கிளே, இது சேருன்னில்லல்லோ" என்று நிற்கிறான். பக்கத்துத் தெருப் பெண், "சார், நாக்கு இருக்கு, பை இந்தப் பக்கம்லா இருக்கு" என்று காட்டினாள். அவள் கையில் இருந்ததையும் அவன் கையில் இருந்ததையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தோம். ஒன்று வலப்பக்கம் சாய்ந்திருந்தது, மற்றது இடப்பக்கம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என் கையைப் பார்த்து மடித்தார்கள். எதிரே உட்கார்ந்தவர்களில் சிலர் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி மடித்துவிட்டார்கள். வலதுக்கு வலதும் இடதுக்கு இடதும்தான் சேரும், கலந்தால் சேராது. வேறொரு மடிப்பில் இது தெரியவே தெரியாது, கொக்கை எந்தப் பக்கம் திருப்பி மடித்தாலும் கொக்குதான். துண்டு மடிப்பில் உடனே குட்டு வெளிப்பட்டுவிடும்.

இடது துண்டுகளை எடுத்து வைத்துத் தனிப் பந்து ஒன்று கட்டினோம். அதற்குப் பிறகு எதிரே யாரையும் உட்கார வைப்பதில்லை. எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார வேண்டும். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டி, தாளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து மடிப்பேன். கேலி செய்வார்கள், பரவாயில்லை. வீடியோ எடுத்து அனுப்புகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கேமராவை எதிரே வைக்காமல் தோளுக்கு மேலிருந்து, மடிக்கிறவர் கண்ணில் எப்படித் தெரிகிறதோ அப்படி எடுக்க வேண்டும். செல்ஃபி கேமராவில் எடுத்தால் சில போன்கள் படத்தையே இடவலமாகத் திருப்பிவிடும். அந்த வீடியோவைப் பார்த்துப் பழகியவர் மடித்ததெல்லாம் இடது துண்டாக இருக்கும்.

தமிழும் மலையாளமும் கலந்த கூட்டத்தில் வாயால் சொல்லிக் கொடுப்பதைவிடப் படம் வரைந்து கொடுப்பது நல்லது. அகிரா யோஷிசாவா என்ற ஜப்பானியக் காகித மடிப்பு மேதை (1911–2005) இதற்கு வழி செய்து வைத்திருக்கிறார். 1954-இல் வெளியான தன் புத்தகத்தில் அவர் அம்புக்குறிகளையும் விட்டுவிட்டு வரும் கோடுகளையும் வைத்து மடிப்புக்கு ஒரு வரைமுறை உண்டாக்கினார். வெறும் இடைவெளிக் கோடு என்றால் பள்ள மடிப்பு. கோடும் புள்ளியும் மாறி மாறி வந்தால் மேட்டு மடிப்பு. பின்னால் வந்தவர்கள் மெருகேற்றி, இன்று உலகம் முழுக்க அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. இளவயதில் தொழிற்சாலை வேலையில் இருந்தபோது புதிதாக வந்தவர்களுக்கு வடிவியல் சொல்லித் தரக் காகித மடிப்பைப் பயன்படுத்தியவர் அவர். மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எந்த ஊர்ப் பிள்ளையும் அந்த அம்புக்குறியைப் பார்த்த மாத்திரத்தில் மடித்துவிடுகிறது.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு இதில் கணக்கு உண்டா என்று சந்தேகம். ஒரு கொக்கைப் பிரித்து விரித்துக் கொடுத்தேன். தாளின் நடுவே ஒரு புள்ளியில் பல மடிப்புகள் கூடும் இடத்தைத் தேர்ந்து, மேட்டு மடிப்பு எத்தனை, பள்ள மடிப்பு எத்தனை என்று எண்ணச் சொன்னேன். தட்டையாக மடியும் எந்த உருவத்திலும் இரண்டுக்கும் வித்தியாசம் 2தான் வரும். ஜுன் மாயேகாவா என்பவர் பெயரால் வழங்கும் விதி இது. தாளின் ஓரத்துப் புள்ளிகளுக்குப் பொருந்தாது. அவள் ஒவ்வொரு புள்ளியாகச் சிவப்புப் பேனாவில் எண்ணிக் குறித்துக்கொண்டே போனாள். மற்றவர்கள் ராக்கெட் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

யோஷிசாவாவின் இன்னொரு கண்டுபிடிப்பு சாரல் காலத்துக்காகவே செய்ததுபோல் இருக்கும்: ஈர மடிப்பு. தடித்த தாளை இலேசாக ஈரப்படுத்தி, வளைத்து உருக்கொடுத்துக் காயவிடுவது. தாளில் உள்ள பசைத்தன்மை ஈரத்தில் இளகி, காய்ந்ததும் இறுகி அந்த வளைவைப் பிடித்துக்கொள்ளும். ஜெராக்ஸ் தாளில் செய்யாதீர்கள், பிய்ந்துவிடும். படம் வரையும் தடித்த டிராயிங் தாள் வேண்டும். துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து இரு முகமும் ஒற்ற வேண்டும். தொட்டால் குளிர வேண்டும், ஆனால் தண்ணீர் பளபளப்பு தெரியக் கூடாது. பங்குனி வெயிலில் இதைச் செய்தால் காது மடிக்கும்போதே முதுகு காய்ந்துவிடும். சாரலில் நிதானமாக யானை மடிக்கலாம். மடித்தபின் துணிக் கிளிப் போட்டு மின்விசிறிக்கு நேரே இரண்டு நாள் வைத்தே ஆக வேண்டும். அலமாரிக்குள் வைத்தால் பூசணம் பிடித்த யானைதான் கிடைக்கும்.

அட்டை வேலைக்கு வருகிறேன். நான் செய்ததிலேயே அதிகம் பேர் கேட்டு வாங்கிப் போனது கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலம். செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் சாலையில் இடப்பக்கமோ வலப்பக்கமோ எட்டிப் பார்க்காமல் யாரும் அதைத் தாண்டியதில்லை. 1904-இல் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் ரயில் விட்டபோது எழுந்த கல் வளைவுகள். மீட்டர் கேஜ் போய், அகலப் பாதையில் 2018-இல் மறுபடி முழுதாக ரயில் ஓடத் தொடங்கியது. 1956 வரை எங்கள் ஊரே திருவிதாங்கூரையும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்ததுதான் என்பதால் அந்தப் பாலம் இரண்டு பக்கத்தாருக்கும் சொந்தம்.

பதிமூன்று கண்ணையும் ஒருவர் செய்வதென்றால் பாதியில் சலித்துவிடும். அதனால் ஒரு கண்ணுக்கு ஒரு தாள் என்று வெட்டுப்படம் வரைந்தேன். ஒரு வீட்டுக்கு ஒரு கண். செய்து கொண்டுவந்தால் டிப்போவில் கிடைத்த பலகைத் துண்டில் வரிசையாக ஒட்டிவிடலாம். வந்தது. வரிசையாக வைத்துப் பார்த்தால் படிக்கட்டு. சில கண்கள் மற்றவற்றைவிடக் குட்டை. வெட்டுப்படத்தை அவரவர் வெவ்வேறு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்திருக்கிறார்கள். சில கடைகளில் இயந்திரம் 'பக்கத்துக்குப் பொருந்தும்படி' என்று தானே சுருக்கியிருக்கிறது. நூற்றுக்கு 97 என்று சுருக்கினால் கண்ணுக்குத் தெரியாது, 10 சென்டிமீட்டர் உயரத்தில் 3 மில்லிமீட்டர் குறையும். அதனால் இப்போது நான் கொடுக்கும் ஒவ்வொரு வெட்டுப்படத்தின் ஓரத்திலும் சரியாக 5 சென்டிமீட்டர் கோடு ஒன்று இருக்கும். அச்செடுத்ததும் ஸ்கேலை வைத்துப் பாருங்கள், 5 இல்லையென்றால் கத்தரியைத் தொடாதீர்கள் என்று எழுதியும் வைத்திருக்கிறேன். கடையில் கேட்கும்போது "நூறு சதவீதம் வைங்க, சுருக்க வேண்டாம்" என்று சொன்னால் போதும். வாட்ஸ்ஆப்பில் வெட்டுப்படத்தைப் போட்டோவாக அனுப்பக் கூடாது, பிடிஎஃப் ஆக்கி டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். போட்டோவாகப் போனால் கோடெல்லாம் மங்கி அளவும் கெட்டுப்போகும்.

தடித்த அட்டையை மடிக்குமுன் கோடு கீறிக்கொள்ள வேண்டும். கத்தி வேண்டாம். எழுதித் தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேலோடு சேர்த்து அழுத்தி இழுத்தால் அட்டையில் பள்ளம் விழும், அந்த வழியே பிசிறில்லாமல் மடியும். கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கு வெகு பொருத்தம். வீட்டுக்கு வீடு குவிந்து கிடக்கிறது. வளைவின் அடிப்பக்கத்துக்கு ஒரு பட்டை வேண்டும். அந்தப் பட்டையை நார் அகலவாட்டில் ஓடும்படி வெட்டினால் பேனாவில் உருட்டியதும் அழகாக வளையும். நீளவாட்டில் வெட்டினால் வளையாமல் முறிந்து முறிந்து நிற்கும். பட்டையின் இரு ஓரத்திலும் பல் பல்லாக வெட்டி மடித்தால் அவைதான் ஒட்டும் இடம். இங்க்ஜெட் அச்சு சாரலில் விரல் பட்டாலே இழுகும், லேசர் அச்சு எடுங்கள். லேசரில் மடிப்பு மேல் மை வெடித்து வெள்ளை தெரியும். அதே நிறக் கலர் பென்சிலை அந்த விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் பாலம் கல் பாலமாகிவிடும். இந்த ஒரு இழுப்பைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

பசையில் எனக்குக் கறார் உண்டு. ஃபெவிகாலை நேராகப் பிதுக்கினால் மெல்லிய தாள் சுருங்கி அலை அலையாகிவிடும். தேங்காய்ச் சிரட்டையில் ஒரு சொட்டு எடுத்து, தீக்குச்சி முனையால் தொட்டு வைத்து, விரலால் பரப்பி, பத்து எண்ணிவிட்டு ஒட்டினால் பிடிக்கும். மைதாப் பசை காய்ச்சலாம்; ஆனால் பூச்சி அரிக்காமல் இருக்க சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் மயில்துத்தம் கலப்பார்கள், பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அது கூடவே கூடாது. விஷம். துத்தம் இல்லாத மைதாப் பசையில் ஒட்டிய பொருள் மழைக்காலத்தைத் தாண்டாது, பூச்சிக்கும் பூசணத்துக்கும் விருந்துதான்.

மடிப்பில் எனக்கு நேரில் கிடைத்த வாத்தியார் எங்கள் தெருமுனைப் பலசரக்குக் கடை அண்ணாச்சி. பழைய தாளை விரித்து நடுவில் துவரம்பருப்பைக் கொட்டுவார். எதிரெதிர் ஓரத்தைச் சேர்த்து இரண்டு தடவை உருட்டி மடிப்பார். ஒரு முனையை இருபுறமும் உள்ளே தள்ளி முக்கோணமாக்கி அடியில் சொருகுவார். நிமிர்த்தி ஒரு தட்டு, பருப்பு அடங்கும். மறு முனையும் அப்படியே. மேலே தொங்கும் கண்டிலிருந்து நூல் இறங்கி வரும், குறுக்கும் நெடுக்கும் ஒரு சுற்று, சுண்டி அறுப்பார். கண் முழுக்க அடுத்த ஆள் மேல்தான் இருக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலும், கேரளத்தில் 2020 ஜனவரி முதலும் ஒரு தடவை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது எங்கள் பக்கத்து இளம் கடைக்காரர்கள் சிலருக்குப் பொட்டலம் மடிக்கத் தெரியவில்லை. அண்ணாச்சியைக் கேட்டால், "இதெல்லாம் சொல்லித் தருகதா, பாத்துக்கிட வேண்டியதுல்லா" என்றார். அவர் கையை மெதுவாக ஓடவிட்டு நான் படி படியாகப் படம் வரைந்தேன். நான் பகிர்ந்ததிலேயே உண்மையாகப் பிழைப்புக்கு உதவியது அந்த ஒரு பக்கம்தான் என்று நினைக்கிறேன். அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் பண்டங்களுக்குச் செய்தித்தாளை நான் சொல்வதில்லை. வெறும் பழுப்புத் தாள் போதும்.

பகிரும்போது யார் சரக்கைப் பகிர்கிறோம் என்ற கவனமும் வேண்டும். கொக்கு, கப்பல், சதுரப் பெட்டி மாதிரி பரம்பரையாக வருபவற்றை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கலாம். இன்றைய கலைஞர்கள் வடிவமைத்தவை அப்படி அல்ல. மடித்து முடித்ததைக் காட்டும்போது வடிவமைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். அவர் புத்தகத்துப் பக்கத்தைப் படம்பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பக் கூடாது. "இலவசமாத்தானே கொடுக்கோம்" என்பது சமாதானமாகாது. அவர் அந்தப் புத்தகத்தை விற்றுத்தான் சாப்பிடுகிறார்.

போட்டோ எடுப்பதில் ஒன்றே ஒன்று. பிளாஷ் போட்டால் மடிப்பெல்லாம் மறைந்து வெள்ளைத் திட்டாகத் தெரியும். காலை வெளிச்சம் ஜன்னலின் பக்கவாட்டில் விழும்படி வைத்தால் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு நிழல் கிடைக்கும். முடிந்த உருவத்தை ஒரு படம், மக்கள் திணறும் இடத்தை மூன்று படம் என்று எடுப்பது என் வழக்கம். முழுதாக மடித்ததைவிடப் பாதி மடித்த நிலையில்தான் பார்க்கிறவருக்குப் பாடம் இருக்கிறது.

டிசம்பரில் புனலூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் தொங்கும். கடையில் வாங்குவதுதான் வழக்கம். மச்சினர் வீட்டில் நாங்கள் சார்ட் தாளில் செய்கிறோம். தாளை ஒரு மையத்தைச் சுற்றி 36 பாகைக் கூம்பாகப் பத்து மடிப்பு வரும்படி மடித்து, சாய்வாக ஒரே வெட்டு வெட்டினால் விரிக்கும்போது ஐந்து முனை நட்சத்திரம் வந்து விழும். அந்த ஒரு வெட்டுக்காகவே பிள்ளைகள் வரிசை கட்டுவார்கள். சாய்வு கூடினால் முனை நீளும், குறைந்தால் மழுங்கும். அதை அவர்களே வெட்டி வெட்டிக் கண்டுபிடிக்கட்டும் என்று பழைய தாளைக் கொடுத்துவிடுவேன். இரண்டு நட்சத்திரத்தை முதுகோடு முதுகு ஒட்டி, ஓட்டை வெட்டி உள்ளே டிஷ்யூ தாள் வைத்தால் விளக்குக்குத் தயார். எல்இடி பல்பு மட்டும் போடுங்கள். பழைய குண்டு பல்பின் சூட்டில் காகிதம் கருகும்.

இப்போது மேசையில் இருப்பது புனலூர்த் தொங்கு பாலம். ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் கல்லடை ஆற்றின் மேல் கட்டியது, 1877-இல் முடிந்தது. சங்கிலிக்குப் பதில் நூல் போட்டால் நூலின் இழுப்பில் அட்டைத் தூண் ஆற்றுப் பக்கமாகச் சாய்கிறது. தூணின் நார் நெட்டுவாட்டில் இருக்கும்படி மாற்றி வெட்டினேன், கொஞ்சம் தேவலை. உள்ளே குறுக்குச் சுவர் ஒன்று வைத்து, நூலின் கடைசி முனையைத் தூணோடு நிறுத்தாமல் பின்னால் பலகை வரைக்கும் கொண்டுபோய்க் கட்டினால் நிற்கும் என்று நினைக்கிறேன். அது நின்ற பிறகுதான் வெட்டுப்படத்தை வெளியே கொடுக்க முடியும். நூல் மட்டும் முடிவாகிவிட்டது. அண்ணாச்சி கடையில் பொட்டலம் கட்டும் அதே வெள்ளை நூல், பருமன் சரியாக இருக்கிறது.